பிள்ளைகளுக்குப் பணப்பாடம், செலவு கோல்ஃப் மைதானத்தின் கணக்கில்

அமெரிக்காவில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை, ஒரு திங்கட்கிழமை காலையில் தனியார் கோல்ஃப் கிளப் ஒன்றின் வாசலில் கார்கள் நிறைந்து நின்றால், உள்ளே பெரும்பாலும் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்கு ஒரு காரணம் உண்டு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உறுப்பினர்கள் ஆடித் தீர்த்த பிறகு, பல கிளப்புகள் திங்களன்று அவர்களுக்குக் கதவைச் சாத்திவிடும். மைதானம் சும்மா கிடக்கும் அந்த நாளை வெளியாருக்கு வாடகைக்கு விட்டுக் காசாக்கிக்கொள்ளும். மருத்துவமனைகள், தேவாலயப் பள்ளிகள், விலங்குக் காப்பகங்கள் எல்லாம் இந்தத் திங்கட்கிழமைகளுக்குப் போட்டி போடும். அந்த வரிசையில் பள்ளி மாணவர்களுக்கு நிதிக் கல்வி தரும் அமைப்புகளுக்கும் நிலையான இடம் உண்டு. ஜூனியர் அச்சீவ்மெண்ட் என்ற பழைய அமைப்பின் ஊர்க் கிளைகள் பலவற்றுக்கு ஆண்டு கோல்ஃப் நாள் என்பது காலண்டரில் நிரந்தரமாகக் குறித்த தேதி.

பதினைந்து வயதுப் பையனுக்குக் கூட்டு வட்டி என்றால் என்ன, கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று சொல்லித்தர, வங்கி மேலாளர்கள் ஏன் புல்வெளியில் பந்து அடிக்க வேண்டும்? வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தெரியும். அந்த நாளின் வரவு செலவைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பிடிபடுகிறது.

முதலில் அன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான்கு பேர் கொண்ட அணிகளாக ஆட்களைச் சேர்ப்பார்கள். வழக்கமான கோல்ஃபில் அணிகள் முதல் குழியிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பும். அப்படி விட்டால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆடி முடிக்க இருட்டிவிடும். அதனால் 18 குழிகளிலும் அணிகளை நிறுத்தி, ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடுவார்கள். 1956-இல் வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா ஊர் கிளப்பில் பயிற்றுநர் ஒருவர் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டு இப்படித் தொடங்கிவைத்தார் என்பார்கள். ‘ஷாட்கன் ஸ்டார்ட்’ என்ற பெயர் அப்படி வந்தது. இப்போது சங்குபோல ஒரு ஹாரன் ஊதுவதோடு சரி. எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவதால் எல்லோரும் ஒன்றாகவே முடிப்பார்கள். அதுதான் ஏற்பாட்டாளர்களுக்கு வேண்டியது. 120 பேரும் ஒரே நேரத்தில் இரவு உணவுக்கு உட்கார்ந்தால்தான் ஏலம் நடத்த முடியும், அமைப்பின் தலைவர் பேச முடியும், திட்டத்தால் பயனடைந்த ஒரு மாணவியை மேடையேற்றிக் கைதட்டல் வாங்க முடியும்.

ஆட்ட முறையும் அதற்கேற்றதுதான். ‘ஸ்க்ராம்பிள்’ என்பார்கள். நான்கு பேரும் அடிப்பார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ, அங்கிருந்தே நால்வரும் அடுத்த அடியை அடிப்பார்கள். ஒருவர் ஓரளவு ஆடத் தெரிந்தவராக இருந்தால் போதும், மற்ற மூவரும் மட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் மானம் போகாது. இது போதாதென்று ‘மல்லிகன்’ விற்பார்கள். பத்து, இருபது டாலர் கொடுத்தால், மோசமாகப் போன ஓர் அடியை இல்லை என்று ஆக்கிவிட்டு மறுபடி அடிக்கலாம். செய்த தவறைக் காசு கொடுத்து அழித்துக்கொள்ளலாம் என்ற இந்த ஒரு பாடத்தை மட்டும் நிதிக் கல்வி வகுப்பில் சொல்லித்தருவதில்லை.

இன்னொரு வேடிக்கை, தூரம் குறைந்த ஏதாவது ஒரு குழியின் பக்கத்தில் பளபளவென்று நிற்கும் புதுக் கார். முதல் அடியிலேயே பந்தைக் குழிக்குள் போட்டால் கார் உங்களுக்கு. தொண்டு நிறுவனத்துக்கு ஏது அவ்வளவு பணம்? காரை நிறுத்தியவர் உள்ளூர் விற்பனையாளர். யாராவது வென்றுவிட்டால் விலையைக் கட்டுவது காப்பீட்டு நிறுவனம். சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் அப்படிப் போடும் வாய்ப்பு 12,500-இல் ஒன்று என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. 120 பேர் ஆளுக்கு ஓர் அடி அடித்தால், அன்றைக்கு யாராவது கார் வெல்லும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. எத்தனை பேர் ஆடுகிறார்கள், குழி எவ்வளவு தூரம், பரிசின் விலை என்ன என்பதை வைத்துப் பிரீமியம் போடுவார்கள். அபாயத்துக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சரி, பணத்துக்கு வருவோம். நடைமுறையை ஒட்டி ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30 அணிகள், அணிக்கு 1,000 டாலர் என்றால் வரவு 30,000. மைதானம், பேட்டரி வண்டி, மதிய உணவு, இரவு விருந்து எல்லாம் சேர்த்துக் கிளப் தலைக்கு 150 டாலர் கேட்டால் அதிலேயே 18,000 போய்விடும். சட்டை, தொப்பி, பரிசு, அச்சுச் செலவு 4,000. ஆக, ஆடியவர்கள் கட்டிய பணத்தில் மிஞ்சுவது 8,000 டாலர்தான். பல மாதங்கள் ஊழியர்கள் உழைத்த சம்பளத்தை இன்னும் கழிக்கவில்லை.

உண்மையான வரவு வேறு இடத்திலிருந்து வருகிறது. முதன்மைப் புரவலராக ஒரு வங்கி 10,000 தரும். ஒவ்வொரு குழியின் அருகிலும் பெயர்ப்பலகை வைக்க 500 டாலர் வீதம் 18 நிறுவனங்கள் 9,000 தரும். மதிய உணவுக்கு ஒரு புரவலர், விருந்துக்கு ஒருவர், வண்டிகளில் பெயர் ஒட்ட ஒருவர் என்று இன்னொரு 8,000 சேரும். ஏலம், குலுக்கல், மல்லிகன் எல்லாம் சேர்த்து 10,000 வரலாம். மொத்தம் 45,000 டாலர் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், அதில் ஆட்டக்காரர்களின் கட்டணம் தந்த பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆட்டம் என்பது, நிறுவனங்கள் பணம் கொடுப்பதற்கு ஒரு சாக்கு.

இதையெல்லாம் வெளியிலிருந்தும் சரிபார்க்க முடியும். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வருமானவரித் துறைக்குத் தாக்கல் செய்யும் 990 என்ற படிவம் பொது ஆவணம். நிதி திரட்டும் நிகழ்ச்சிகளின் வரவு 15,000 டாலரைத் தாண்டினால், பெரிய நிகழ்ச்சிகளின் வரவையும் செலவையும் ‘ஜி’ அட்டவணையில் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். “நம் கோல்ஃப் நாளில் ஒரு லட்சம் டாலர் திரட்டினோம்” என்ற அறிவிப்பைப் படிக்கிறவர்கள் இந்த அட்டவணையையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. திரட்டியது வேறு, மிஞ்சியது வேறு.

வரிச் சட்டமும் இந்த நாளின் உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது. ஒருவர் 250 டாலர் கட்டி ஆடுகிறார், அந்த ஆட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் சந்தை மதிப்பு 150 என்றால், அவருடைய நன்கொடை 100 டாலர் மட்டுமே. 75 டாலருக்கு மேல் வாங்கும் அமைப்பு இதை எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். முன்பு தொண்டுக்காக நடக்கும் விளையாட்டு நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளுக்கு வணிகச் செலவில் தனிச் சலுகை ஒன்று இருந்தது. 2017-இல் வந்த வரிச் சட்டம் பொழுதுபோக்குச் செலவுகளைக் கழிக்கும் வழியை அடைத்தபோது அதுவும் போய்விட்டது. புரவலர் தொகை மட்டும் விளம்பரச் செலவாகத் தொடர்ந்து தப்பித்துக்கொள்கிறது. அந்தப் பக்கம், வாங்கும் தொண்டு நிறுவனத்துக்கு அந்தப் பணம் வரிக்கு உட்பட்ட வணிக வருமானமாக மாறாமல் இருக்க வேண்டுமென்றால், பலகையில் நிறுவனத்தின் பெயர், சின்னம், முகவரி போன்ற விவரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். “எங்கள் வீட்டுக் கடன்தான் ஊரிலேயே மலிவு” என்று எழுதினால் அது விளம்பரம். குழிகளின் பக்கத்தில் நிற்கும் பலகைகள் அவ்வளவு அடக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோல்ஃபும் தொண்டும் சேர்ந்தது நேற்று இன்றல்ல. 1937-இல் பாடகர் பிங் கிராஸ்பி கலிஃபோர்னியாவில் நண்பர்களையும் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஒரு போட்டி நடத்தினார்; பிற்பாடு அது பெபிள் பீச்சுக்கு இடம் மாறிப் பெரும் புகழ் பெற்றது. 1938-இல் பாம் பீச்சில் நடந்த போட்டியிலிருந்து தொண்டுக்குப் போன 10,000 டாலரைத்தான், தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் தன் அறக்கொடை வரலாற்றின் தொடக்கமாகச் சொல்கிறது. அந்த வரலாற்றில் சேர்ந்த மொத்தத் தொகை 2020-இல் 300 கோடி டாலரை எட்டியது. ஆனால் தொலைக்காட்சியில் வரும் பெரிய போட்டிகளைவிட, ஊர் ஊராக நடக்கும் இந்தத் திங்கட்கிழமை நாட்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். 2011-ஆம் ஆண்டில் மட்டும் கோல்ஃப் வழியாகத் தொண்டுக்குப் போனது சுமார் 390 கோடி டாலர் என்று அந்தத் துறையே ஒரு மதிப்பீடு வெளியிட்டது. துறை தன்னைப் பற்றித் தானே சொன்ன கணக்கு, அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்ளலாம்.

நிதிக் கல்விக்கு மட்டும் கோல்ஃப் இவ்வளவு பொருந்திப்போவதற்குக் காரணம் ஜூனியர் அச்சீவ்மெண்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1919-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அதைத் தொடங்கியவர்கள் ஆசிரியர்கள் அல்லர். ஒருவர் காகித ஆலை அதிபர் ஹோரஸ் மோசஸ். இன்னொருவர் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக இருந்த தியோடர் வெய்ல். மூன்றாமவர் மரே கிரேன் என்ற முன்னாள் செனட்டர். கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வரும் பிள்ளைகள் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மாணவர்கள் சிறு கம்பெனி ஒன்றை ஆரம்பித்து, பங்கு விற்று, ஏதாவது ஒரு பொருளைச் செய்து விற்று, ஆண்டு முடிவில் கணக்கை முடித்துப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். பல பத்தாண்டுகள் பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்த இந்த வேலை, 1975 வாக்கில் வகுப்பறைக்குள் நுழைந்தது. அப்போதிலிருந்து அதன் அச்சாணி தன்னார்வலர்கள். வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ வேலை செய்யும் ஒருவர், தயாராக இருக்கும் பாடப் பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சில வாரம் பாடம் நடத்துவார்.

ஆக, அமைப்புக்கு நிறுவனங்களிடமிருந்து பணம் மட்டும் போதாது, ஆட்களும் வேண்டும். நிர்வாகக் குழுவில் உட்காரப் பெரிய மனிதர்கள் வேண்டும், வகுப்பெடுக்க நடுத்தர ஊழியர்கள் வேண்டும். நான்கைந்து மணி நேரம் ஒரே வண்டியில் ஒரு வங்கித் தலைவரோடு சுற்றும் வாய்ப்பு வேறு எந்த நிதி திரட்டலிலும் கிடைக்காது. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதுவதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வந்த தொகையைவிட, யார் வந்தார்கள், யாருக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற நோட்டுப் புத்தகம் முக்கியம். ஒரு வங்கித் தலைவர் இந்த அமைப்பின் கோல்ஃப் நாளுக்கு அணி எடுத்தால், அவர் மனைவி நிர்வாகத்தில் இருக்கும் மருத்துவமனையின் கோல்ஃப் நாளுக்கு இவர்கள் பக்கத்து ஆட்கள் அணி எடுப்பார்கள்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் சுவாரசியம் கூடுகிறது. ஜூனியர் அச்சீவ்மெண்ட் பல நகரங்களில் ‘பிஸ்டவுன்’ என்ற பெயரில் ஒரு குட்டி ஊரையே கட்டிவைத்திருக்கிறது. சில வாரம் வகுப்பில் படித்த பிறகு, பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க அந்த ஊரை நடத்துவார்கள். ஒருவர் மேயர், ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் கடைக்காரர். கடன் வாங்குவார்கள், சம்பளம் வாங்குவார்கள், வரி கட்டுவார்கள். கொஞ்சம் பெரியவர்களுக்கு ‘ஃபைனான்ஸ் பார்க்’. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு சம்பளம், ஒரு குடும்பம் என்று கற்பனை வாழ்க்கை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். இரண்டு குழந்தைகள், மாதம் இவ்வளவுதான் வருமானம், வாடகை, காப்பீடு, காருக்குத் தவணை எல்லாவற்றையும் இதற்குள் முடி என்று விடுவார்கள். கையில் ஒன்றும் மிஞ்சாமல் திகைக்கும் அந்த நிமிடம் எந்தப் புத்தகத்தாலும் தர முடியாதது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குட்டி ஊரின் கடைகளுக்கு மேலே நிஜ நிறுவனங்களின் பெயர்கள் தொங்கும். கோல்ஃப் மைதானத்தில் குழியின் பக்கத்தில் நின்ற அதே பெயர்கள் இங்கே குழந்தைகளின் கண் மட்டத்தில் நிற்கின்றன.

வங்கிகள் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டுவதற்கு நல்ல மனது மட்டும் காரணம் இல்லை. 1930-களில் வீட்டுக் கடன் அபாயத்தைக் காட்ட வரைந்த வரைபடங்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் அந்தப் பகுதிகளுக்குக் கடன் கிடைக்கவில்லை. அதைச் சரிசெய்ய 1977-இல் வந்தது சமூக மறுமுதலீட்டுச் சட்டம். தாங்கள் வைப்புத்தொகை வாங்கும் ஊரின் ஏழை, நடுத்தர மக்களுக்கும் வங்கிகள் சேவை செய்கின்றனவா என்று அரசு ஆய்வாளர்கள் மதிப்பெண் போடுவார்கள். அந்த மக்களுக்கு நிதிக் கல்வி தரும் அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடை, வங்கி ஊழியர்கள் அங்கே பாடம் நடத்தும் மணி நேரம் இரண்டும் அந்த மதிப்பெண்ணில் சேரக்கூடியவை. பல வகுப்பறைகளில் வங்கி ஊழியர் ஒருவர் நிற்பதற்குப் பின்னால் இப்படி ஒரு சட்டமும் நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு முரண் துருத்திக்கொண்டு தெரிகிறது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பிஜிஏ, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. புகழ்பெற்ற அகஸ்டா கிளப் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990-இல், முதல் பெண்களைச் சேர்த்தது 2012-இல். சிவப்புக் கோட்டுக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பணப்பாடம் சொல்லித்தர, அவர்களுடைய தாத்தா பாட்டிகளை உள்ளே விட்டிருக்காத வகை மைதானத்தில் நிதி திரட்டுகிறார்கள். இன்றைய ஏற்பாட்டாளர்கள் மீது இதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த வண்டிகளில் யார் உட்கார்கிறார்கள், யார் உட்காரவில்லை என்பது இன்றும் கவனிக்க வேண்டியதுதான். அதே ஜூனியர் அச்சீவ்மெண்ட் கிளைகள் பவுலிங் கூடத்திலும் நிதி திரட்டுகின்றன. அங்கே வங்கிக் கிளையின் எழுத்தர் முதல் மேலாளர் வரை வந்து பந்தை உருட்டுவார்கள், நண்பர்களிடம் பத்து, இருபது டாலராக வசூலிப்பார்கள். செலவும் குறைவு. வகுப்பெடுக்கப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்துதான் அதிகம் வருவார்கள் என்பது என் ஊகம்.

பணத்தை மட்டுமே பார்த்தால் இன்னொரு ஒப்பீடு இருக்கிறது. 2022-இல் பெரும் கொடையாளரான மெக்கென்சி ஸ்காட் அமெரிக்க ஜூனியர் அச்சீவ்மெண்டுக்கும் அதன் சில கிளைகளுக்கும் 3 கோடியே 88 லட்சம் டாலர் கொடுத்தார். நாம் மேலே போட்ட கணக்கின்படி அது 860-க்கும் மேற்பட்ட கோல்ஃப் நாட்களின் மிச்சம். சட்டை அச்சடிக்கவில்லை, கோழிக்கறி விருந்து இல்லை. ஆனால் அப்படி ஒரு கை எல்லா ஆண்டும் நீளாது, வகுப்பெடுக்க ஆளும் அனுப்பாது.

இனி, இந்தக் கல்வி பலன் தருகிறதா? இதற்கான பதில் கடந்த பத்து ஆண்டுகளில் மாறியிருக்கிறது. 2014-இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மயர் ஆகிய மூவரும் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மக்கள் பணத்தைக் கையாள்வதில் தெரியும் வேறுபாட்டில் நிதிக் கல்வியால் விளக்க முடிவது வெறும் 0.1 சதவீதம் என்றார்கள். துறையே ஆடிப்போனது. 2022-இல் கைசர், லுசார்டி உள்ளிட்ட நால்வர், குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த 76 சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்து, பலன் உண்டு, அறிவும் கூடுகிறது, நடத்தையும் மாறுகிறது என்று காட்டினார்கள். ஜார்ஜியா, இடாஹோ, டெக்சாஸ் மாநிலங்களில் பள்ளியில் கட்டாயப் பாடம் வந்த பிறகு படித்தவர்களின் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) உயர்ந்தது, தவணை தவறுவது குறைந்தது என்று வேறோர் ஆய்வு சொன்னது. நிதானமாகப் பார்த்தால், ஒழுங்காக, ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்துக்குப் பலன் இருக்கிறது. ஒரு நாள் விருந்தினராக வந்து நடத்தும் வகுப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது.

பணம் கொடுப்பவர்களின் நிழல் பாடத்தின் மேல் விழாதா என்ற கேள்வியும் இருக்கிறது. வெல்ஸ் ஃபார்கோ வங்கி பல ஆண்டுகளாக ‘ஹேண்ட்ஸ் ஆன் பேங்கிங்’ என்ற இலவச நிதிக் கல்வித் திட்டத்தை நடத்திவந்தது. அதே வங்கிக்கு, வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்ததற்காக 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. வரவுக்குள் செலவு செய், சேமி, கடன் மதிப்பெண்ணைக் காப்பாற்று என்ற பாடங்கள் எல்லாம் சரியானவைதான். அவை எல்லாமே வாடிக்கையாளரின் ஒழுக்கத்தைப் பற்றியவை. வங்கி உன்னை ஏமாற்றினால் எங்கே புகார் செய்வது, எந்தக் கட்டணத்தைக் கட்ட மறுக்கலாம் என்ற பாடத்துக்கு எந்தக் குழியின் பக்கத்திலும் புரவலர் கிடைப்பது கடினம். கல்லூரி வளாகங்களில் சட்டையும் பீட்சாவும் கொடுத்துக் கிரெடிட் கார்டு விற்றதை நிறுத்தியது எந்த வகுப்பும் அல்ல, 2009-இல் வந்த சட்டம். 21 வயதுக்கு உட்பட்டவருக்குச் சொந்த வருமானமோ, கூடக் கையெழுத்துப் போட ஒருவரோ இல்லாமல் கார்டு கொடுக்கக்கூடாது என்றும் அது சொன்னது.

இப்போது மாநிலங்களே களத்தில் இறங்கிவிட்டன. பொருளாதாரக் கல்விக் கவுன்சிலின் 2024 கணக்கெடுப்பின்படி 35 மாநிலங்களில் தனிநபர் நிதிப் பாடம் படிக்காமல் உயர்நிலைப் பள்ளியை முடிக்க முடியாது. 2022-இல் அந்த எண்ணிக்கை 23. கலிஃபோர்னியா 2024-இல் சட்டம் போட்டு, 2030–31-இல் படிப்பை முடிக்கும் மாணவர்களிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. பாடத்தைக் கட்டாயமாக்குவது ஒரு கையெழுத்து. அதை நடத்தத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்குவது பெரும் செலவு. கணக்கு ஆசிரியரையோ சமூக அறிவியல் ஆசிரியரையோ பிடித்து, அடுத்த ஆண்டு முதல் நீங்கள் வரியும் காப்பீடும் நடத்துங்கள் என்றால் அவர் எங்கே போவார்? 2014-இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜென் பர்சனல் ஃபைனான்ஸ் போன்ற அமைப்புகள் பாடங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் இலவசமாகவே தருகின்றன. கோல்ஃப் நாளில் திரளும் பணமும் விருந்தினர் வகுப்புகளை விட்டு அந்தப் பக்கம் நகர்ந்தால் அதிகப் பலன் கிடைக்கும். அதில் ஒரே சிக்கல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் அறையில் பெயர்ப்பலகை வைத்தால் பார்க்கக் குழந்தைகளும் இருக்க மாட்டார்கள், வங்கித் தலைவர்களும் இருக்க மாட்டார்கள்.